வட்டத்தின் மேல் ஆறு புள்ளிகள்

எங்கள் கல்லூரியில் கணித மன்றம் புதன்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு, இரண்டாம் மாடியின் கோடி அறையில் கூடும். மயிலாப்பூரில் இருந்த பெண்கள் கல்லூரி அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இசை மன்றம் கூடினால் மாடிப்படி வரை செருப்புகள் கிடக்கும். எங்களுக்குப் பன்னிரண்டு பேர் வந்தாலே நல்ல கூட்டம். அந்தப் பன்னிரண்டு பேரிலும் பாதிப் பேர் கணிதத்துக்காக வந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தி, ஐந்து மணிக்குத் தட்டச்சு வகுப்பு தொடங்கும்வரை உட்கார ஓர் இடம் வேண்டும் என்று வந்தாள். இன்னொருத்திக்கு வீட்டில் மூன்று தம்பிகள். மன்றம் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அந்த ஒரு மணி நேரம் அவளுடையது.

என் வீட்டில் அம்மாவுக்கு இந்த மன்றம் புரிந்ததே இல்லை.

"பாட்டுன்னா பாடுவா, டிராமான்னா நடிப்பா. கணக்குக்கு என்னடி கிளப்பு? அங்க உக்காந்துண்டு என்ன பண்றேள் எல்லாரும்?"

"கணக்குதாம்மா போடறோம்."

"அதத்தானே காலம்பறலேர்ந்து கிளாஸ்ல போட்டுண்டிருக்கேள்?"

வகுப்பில் போடுவது பரீட்சைக்கு, மன்றத்தில் போடுவது எதற்காகவும் இல்லை என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், எதற்காகவும் இல்லாத ஒன்றுக்காக மகள் தாமதமாக வருகிறாள் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்காது.

நான் மூன்றாம் ஆண்டு. மன்றத்தின் செயலாளர். தேர்தல் எல்லாம் இல்லை. பொறுப்பாசிரியரான மேடம் "யார் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டபோது நான் மட்டும்தான் கை தூக்கினேன். ஆனால் பொறுப்பு வந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. ஒரு சிவப்பு மைப் பேனா வாங்கினேன். பெரிய நோட்டு ஒன்றுக்கு அட்டை போட்டு 'மன்றப் பதிவேடு' என்று எழுதினேன்.

மன்றத்தின் முக்கியமான வேலை வாராந்திரப் புதிர். வியாழக்கிழமை நான் ஒரு கணக்கைத் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பேன். பலகைக்குக் கீழே பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கும். விடையைச் சீட்டில் எழுதி, பெயர் போட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் அதில் போட்டுவிட வேண்டும். புதன்கிழமை கூட்டத்தில் நான் திருத்திய சீட்டுகளைப் படித்து, சரியான விடைக்கு ஒரு புள்ளி கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். அந்தப் பருவத்தில் மொத்தம் பத்துப் புதிர்கள். அடையாற்றில் ஒரு கல்லூரியில் நடக்கும் கணித விழாவுக்கு எங்கள் சார்பில் இரண்டு பேர் போகலாம். செயலாளர் என்பதால் நான் போவேன். இன்னொருவர், பத்துப் புதிர்களில் அதிகப் புள்ளி எடுத்தவர். இது மேடம் வைத்த விதி.

ஒன்பது புதிர்கள் முடிந்தபோது இரண்டு பேர் ஆறு ஆறு புள்ளியில் நின்றார்கள். ஒருத்தி என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், அசோக் நகரிலிருந்து வருகிறவள், என் தோழி. இன்னொருத்தி பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த முதலாமாண்டுப் பெண். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவள். வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் ஓடும்போது பேனாவை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவளுடைய வகுப்புப் பெண்கள் சொல்வார்கள். மன்றத்தில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். சீட்டுகளைத் தமிழில்தான் எழுதுவாள், பொடிப் பொடி எழுத்தில்.

பத்தாவது புதிரை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒரு வட்டம். அதன் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து ஒரு கோட்டால் இணைத்தால் வட்டம் இரண்டு துண்டாகும். மூன்று புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிகளுக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. ஆறு புள்ளிகள் வைத்தால் அதிகபட்சம் எத்தனை துண்டு?

ஐந்து வரை நான் வரைந்து பார்த்திருந்தேன். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. இதற்கு மேல் வரைய என்ன இருக்கிறது? முப்பத்திரண்டு என்று விடையை எழுதிவைத்துவிட்டேன். மேடமும் பதிவேட்டில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த வாரம் டப்பாவில் ஒன்பது சீட்டுகள். எட்டில் முப்பத்திரண்டு. ஒன்றில் மட்டும் முப்பத்தொன்று. அது பட்டினப்பாக்கத்துப் பெண்ணுடையது. சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, 'ஒரு துண்டு விட்டுப்போயிற்று' என்று கீழே எழுதினேன். புதன்கிழமை கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படிக்கவும் செய்தேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"அக்கா, எண்ணித்தான் போட்டேன்..."

"எண்ணும்போதுதான் விட்டுப்போகும். அதனாலதான் எண்ணக் கூடாது, பேட்டர்ன் என்னன்னு பாக்கணும்" என்றேன். மேடம் வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். என் தோழிக்கு ஏழு புள்ளி. அவளுக்கு ஆறு. பதிவேட்டை மூடினேன். அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் மன்றத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

விழா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பத்துப் புதிர்களையும் விடைகளோடு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம் என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். பத்தாவது புதிருக்குப் படம் வேண்டும். காம்பஸால் வட்டம் போட்டு, அதே அளவால் ஆறு இடத்தில் வெட்டி, அழகாக ஆறு புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் இணைத்தேன். நட்சத்திரக் கோலம் போல வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டேன். முப்பதில் முடிந்துவிட்டது.

எங்கோ விட்டிருக்கிறேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். முப்பது. ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு துண்டாக வண்ணம் தீட்டி எண்ணினேன். முப்பதுதான். முப்பத்திரண்டும் இல்லை, அவள் சொன்ன முப்பத்தொன்றும் இல்லை. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் விடையும் தப்புதானே.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. வட்டத்தின் நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்தித்தன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் புதிதாக வரைந்தேன். மூன்று கோடுகளும் விலகின. அவற்றுக்கு நடுவே எள்ளளவு ஒரு முக்கோணம் திறந்தது. முப்பத்தொன்று.

புள்ளிகளை எங்கெங்கோ நகர்த்தி இன்னும் நான்கு படங்கள் வரைந்தேன். முப்பத்தொன்றுக்கு மேல் போகவே இல்லை.

"என்னடி, காலம்பறலேர்ந்து ஒரே வட்டத்தப் போட்டுண்டிருக்கே?" என்று பேப்பரை மடித்துக்கொண்டே அப்பா கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்று தாள்களைச் சுருட்டினேன். கணக்கு எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. முப்பத்தொன்று சரி என்றால் அந்தப் பெண்ணுக்கு ஏழு. முப்பத்திரண்டு தப்பு என்றால் என் தோழிக்கு ஆறு. வெள்ளிக்கிழமை அடையாற்றுக்குப் போக வேண்டியவள் வேறு ஆள்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலையில் என் தோழி வந்ததும் வராததுமாக, விழாவுக்கென்று எடுத்த பருத்திப் புடவையின் நிறத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்பா அரை நாள் விடுப்புப் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடப்போகிறாராம். நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மேடம் அறை வரை போனேன். உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். அதைக் காரணமாக வைத்துத் திரும்பினேன். புதன்கிழமை மன்றத்தில் என்னிடமும் தோழியிடமும் பயிற்சிக் கேள்விகள் கேட்டார்கள். கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. வியாழக்கிழமை, இனிமேல் சொன்னாலும் பெயரை மாற்ற நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றியிருக்கலாம்.

விழாவில் நாங்கள் படுதோல்வி அடைந்தால் நல்லது என்று மனசுக்குள் ஆசைப்பட்டேன். தோற்றுவிட்டால் யார் போயிருந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. வினாடி வினாவில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம், அதுவும் என்னால்தான். ஆனால் தனித்தனியாகக் கணக்குப் போடும் போட்டியில் என் தோழிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். பேருந்தில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, "நீ ஏன் உம்முன்னு இருக்கே? குவிஸ் போனா போவுது விடு" என்று என் கையைத் தட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. பதிவேட்டில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, கச்சேரி ரோட்டின் கோடி வரை நடந்து, சாந்தோமில் தெற்கே திரும்பிப் பட்டினப்பாக்கம் போனேன். பத்து மணி இருக்கும். அவள் பெயரைச் சொல்லிக் கேட்டதும் சாலையோரத்து மீன் கடையைக் காட்டினார்கள். பலகையின் பின்னால் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள், ஒரு வாடிக்கையாளருக்கு மீனைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாதான் முந்திக்கொண்டார்.

"இன்னா கண்ணு, இன்னா வோணும்? சங்கரா கீது, வவ்வாலு கீது. எல்லாம் இப்பத்தான் வந்துச்சு, பாத்து எடுத்துக்கோ."

"நான் மீன் வாங்க வரலம்மா..."

"அவங்க சாப்புட மாட்டாங்கம்மா" என்றாள் பெண். "எங்க காலேஜ். மன்றத்துல செகரெட்டரி."

நான் கொண்டுபோன தாளைப் பிரித்தேன். வண்ணம் தீட்டிய முப்பத்தொரு துண்டுகள். "நீ போட்டதுதான் சரி. நான்தான் தப்பாத் திருத்திட்டேன்" என்றேன்.

அவள் தாளைக் கையில் வாங்கவில்லை. கையில் மீன் ஈரம் இருந்ததாலோ என்னவோ. எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள்.

"அப்ப ஏன் நீ சண்டை போடல?"

"எப்டி வந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லியே. சீட்டுக்குப் பின்னாடி எழுதியிருந்தேன். திருப்பிப் பாத்தீங்களா?"

நான் திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்பது சீட்டுகளில் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவள் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மே, இன்னா விசயம்?"

"நான் சரின்னு போட வேண்டிய கணக்க தப்புன்னு போட்டுட்டேம்மா. அதனாலதான் அவ அடையாறு போட்டிக்குப் போக முடியல."

"அடப்பாவமே. அந்தப் போட்டியா? எங்க சனத்தாண்ட பூரா சொல்லிகினு இருந்தேனே, எம்பொண்ணு போவப்போறான்னு." அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. "சரி, முடிஞ்சிபோச்சா அது?"

"நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"உனுக்கு எப்ப தெரிஞ்சுது, தப்புன்னு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மகளிடமிருந்துகூட இது வராது என்று நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி என்று சொல்லலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணினாள் என்பது தெரிந்தது. "நடுவுல அஞ்சு நாளு கீதே" என்றாள். அதுவரை என்னிடம் கல்லூரித் தமிழில் பேசியவள். "அஞ்சு நாளு இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

அழுகை வரும் போல இருந்தது. வந்திருந்தால் அது அவளிடம் இரக்கம் கேட்பது போல ஆகியிருக்கும். நல்ல வேளை வரவில்லை. அவள் அம்மா மரப்பெட்டி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "நிக்காத கண்ணு, குந்து. மொகம் வெய்யில்ல செவந்துபோச்சு." பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "முந்தியே வந்துருக்கணும்" என்றார்.

"புதன்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றேன் பெண்ணிடம்.

"சொல்லுங்க" என்றாள். "நான் வருவேனான்னு தெரியாது."

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாகப் பதிவேட்டின் உறையில் இருந்த அந்தச் சீட்டை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து, ஓரம்வரை. சின்னதாக ஒரு படமும் இருந்தது. மூன்று மாதம் அந்த மன்றத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த நான், அன்றைக்குத்தான் ஒரு சீட்டை முழுதாகப் படித்தேன். படித்து முடித்ததும் மேடம் அறைக்குப் போனேன். இந்த முறை உள்ளே ஆள் இருந்தும் காத்திருந்தேன்.

புதன்கிழமை பதினோரு பேர் இருந்தோம். அவள் வந்திருந்தாள். கடைசி பெஞ்சில். என் தோழி முதல் பெஞ்சில், பரிசு வாங்கியவள் என்று எல்லோரும் கை குலுக்கிய சந்தோஷத்தில் இருந்தாள். அவளிடம் முன்கூட்டித் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு எனக்குத் தைரியமும் இல்லை, புத்தியும் இல்லை. எழுந்து நின்று, பத்தாவது புதிரின் விடை முப்பத்தொன்று, நான் கொடுத்த விடை தப்பு, விழாவுக்கு முன்பே எனக்கு இது தெரியும் என்று மூன்றையும் சொன்னேன். என் தோழி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

மேடம் எழுந்தார். "அந்தப் பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கு. நானும் வரைஞ்சு பாக்கல" என்றார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, "முப்பத்தொண்ணு எப்படி வருதுன்னு சொல்றியாம்மா?" என்று கேட்டார்.

அவள் கரும்பலகைக்கு வந்தாள். சுண்ணக்கட்டியை வாங்கினாள். "இங்கிலீஷ்ல வராது மேடம்."

"யாரு கேட்டா இங்கிலீஷ்? சொல்லு."

அவள் ஒரு வட்டம் போட்டாள். "இப்ப ஒரு துண்டு. ஒரு கோடு போட்டா ஒரு துண்டு கூடும். அந்தக் கோடு போற வழியில இன்னொரு கோட்ட வெட்டுச்சுன்னா, ஒவ்வொரு வெட்டுக்கும் இன்னொரு துண்டு கூடும். அவ்ளோதான். அப்ப துண்ட எண்ணவே தேவையில்ல. கோட்ட எண்ணணும், வெட்ட எண்ணணும்." ஆறு புள்ளிகளில் ஏதாவது இரண்டை எடுத்தால் ஒரு கோடு; அப்படிப் பதினைந்து கோடு. ஏதாவது நான்கை எடுத்தால் அவற்றுக்குள் சரியாக ஒரே ஒரு வெட்டு, அதுவும் பதினைந்து. முதலில் இருந்த ஒன்றையும் சேர்த்து முப்பத்தொன்று. "மூணு கோடு ஒரே எடத்துல வெட்டிக்கிச்சுன்னா ஒண்ணு கொறையும். அதனாலதான் புள்ளிய கொஞ்சம் கோணலா வைக்கணும்."

நாங்கள் யாரும் கை தட்டவில்லை. தட்டச்சு வகுப்புக்குப் போகிறவள் மட்டும், "அந்த வெட்டு விசயத்த இன்னொரு தடவ சொல்லு" என்றாள். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அன்றைக்குக் கேள்வி கேட்டவள் தட்டச்சு வகுப்புக்குப் போகவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் என் தோழி சான்றிதழை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துப் பெண்ணிடம் போனாள். "இது உனக்கு வர வேண்டியது" என்று நீட்டினாள். அந்தப் பெண் வாங்கவில்லை. "அது நீங்க போட்ட கணக்குக்குக் குடுத்ததுக்கா. நான் போயிருந்தா அதப் போட்டிருப்பேனோ என்னமோ, யாருக்குத் தெரியும்?" என்றாள். அவள் பெருந்தன்மையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள்.

என்னிடம் என் தோழி பேருந்து நிறுத்தத்தில்தான் பேசினாள். "ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா நான் சந்தோஷமா விட்டுக்குடுத்திருப்பேன்டி. எங்கப்பா லீவு போட்டது, புடவ எடுத்தது எல்லாம் ஒரு விஷயமா? இப்ப என்னையும் சேத்து திருடியாக்கிட்டே." பேருந்து வந்ததும் முன்வாசலில் ஏறிக்கொண்டாள். மறுநாளிலிருந்து வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் அந்தப் பெண்ணுக்குச் செய்ததைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். இவளுக்கும் ஒன்று செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க அத்தனை நாளாயிற்று.

அடுத்த ஆண்டு அந்தப் பட்டினப்பாக்கத்துப் பெண் செயலாளரானாள். நான் முதுகலைக்காக வேறு கல்லூரிக்குப் போய்விட்டேன். மன்றத்தில் அவள் ஒரு விதியை மாற்றினாள் என்று கேள்விப்பட்டேன். விடைக்கு அரைப் புள்ளிதான், எப்படி வந்தது என்பதற்குத்தான் மீதி அரை. தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், படமாகவும் போடலாம். கூட்டத்துக்கு முப்பது பேர் வரத் தொடங்கியதால் கோடி அறை போதாமல் கீழே மாறினார்களாம்.

நாங்கள் நெருங்கிய தோழிகளாகிவிட்டோம் என்று சொன்னால் பொய். வழியில் பார்த்தால் நின்று பேசுவாள், மரியாதையாக 'அக்கா' என்பாள். அந்த மரியாதையில் கொஞ்சம் தூரம் இருந்தது. அது நியாயம்தான் என்று எனக்கும் தெரியும்.

மூன்று வருடம் கழித்து அசோக் நகர்த் தோழியின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. தி. நகரில் ஒரு மண்டபம். என் பெயரை அவளே கையால் எழுதியிருந்தாள். போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். மண்டபத்து வாசலில் பட்டினப்பாக்கத்துப் பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் பத்திரிகை வந்திருந்தது. அப்போது அவள் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே மேடை ஏறினோம். மணப்பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். கழுத்து நிறைய மாலையோடு மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, "இவங்க எங்க மேத்ஸ் கிளப்பு. ரெண்டு பேருமே பயங்கர ஆளுங்க, ஜாக்கிரதை" என்றாள். மாப்பிள்ளை எங்களிருவரையும் பார்த்துப் பயந்த மாதிரி கும்பிட்டார். போட்டோக்காரர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. சாம்பார் வந்தது, கூட்டு வந்தது, அப்பளம் வந்தது. அவள் இலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "இத்தினி வச்சும் ஒரு கருவாட்டுத் துண்டு இல்லியேக்கா" என்றாள். வாயில் இருந்த சாதம் புரையேறி நான் சிரித்தேன். பரிமாறுகிறவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அவள் என் தலையில் தட்டிக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்றாள்.